அரைக் கட்டை

தம்பேரேவில் பிப்ரவரி. ஏரி உறைந்து கிடக்கிறது.
பழைய செருப்பு ஆலையின் நிலவறையில்
நாங்கள் நால்வர்,
சரியாகச் சொன்னால் மூவரும்
யோர்மாவின் இடத்துக்குக் கூலிக்கு வந்த ஒருவனும்.

வயலின் கூட்டம், சிந்தசைசர் என்று
ஊரெல்லாம் சுற்றிவிட்டு
முதல் ஆல்பத்தின் சத்தத்துக்கே திரும்புவதாக ஏற்பாடு.
அதே ஆம்ப். புது ஸ்பீக்கரை
பழையது கிழிந்த இடத்திலேயே
சவரக் கத்தியால் கிழித்தான் ரைமோ.

வேகம்தான் வரவில்லை.
மணிக்கட்டில் பட்டி சுற்றிக்கொண்டு
இல்போ டிரம்மை விரட்டினான்;
பஸ்ஸைத் தவறவிட்டவன்போல்
பாட்டு பின்னாலேயே ஓடி வந்தது.
ரைமோவின் குரல் மேலே ஏறி
கடைசிப் படிக்கு முந்தைய படியில்
உட்கார்ந்துவிட்டது.
"அறுபத்து மூன்று" என்றான்.
அவனை யாரும் வயது கேட்கவில்லை.

மூன்றாம் வாரம்
ஒலிப்பதிவு செய்யும் மெர்வி
மூல டேப்பை ஓட்டிப் பார்த்துவிட்டு
சிகரெட்டைத் தேடினாள்.
"இதில் மெதுவாகத்தான் வாசித்திருக்கிறீர்கள்.
இசைத்தட்டு வெட்டிய மெஷின்
வேகமாய் ஓடியிருக்கிறது.
அரைக் கட்டை ஏறிவிட்டது."

நாற்பது வருடம்
மேடை மேடையாய் நாங்கள் துரத்தியது
ஒரு மோட்டாரின் கோளாறை.

இல்போதான் முதலில் சிரித்தான்,
பட்டியை அவிழ்த்தபடி.
அந்த வேகம் தாளாமல்
எண்பத்தெட்டில் விலகிப்போன யோர்மாவுக்கு
போன் போட்டான் ரைமோ.
அது அடித்துக்கொண்டிருக்கையில்
பேஸின் நான்கு தந்திகளையும்
அரைக் கட்டை இறக்கினேன்.

எடுத்தவன் முழுவதும் கேட்டான்.
அங்கே ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.
"அப்போதே சொன்னேனே" என்றான்.