நவம்பரில் வந்த பணம்

மாசி மாதம் போய் அளந்தோம்.
அளவுநாடாவின் ஒரு நுனி றிஸ்மியிடம்,
மறு நுனி என்னிடம்.
டச்சுக் குடாவைப் பார்த்த மேல்மாடியில்
பதினான்கு அறைகள், எல்லாம் எட்டடிக்கு ஏழு.
ஒவ்வொன்றிலும் ஓர் ஆணி, ஓர் இரும்புக் கட்டில்,
எட்டாத உயரத்தில் ஒரு யன்னல்.

நிலத்தில் நின்றால் வானம் மட்டும்.
றிஸ்மி செருப்பைக் கழற்றிவிட்டுக்
கட்டிலில் ஏறிப் பார்த்தான்:
"மிஸ், கடல்."

யன்னலுக்குக் கீழே, கை ஊன்றும் இடத்தில்
சுண்ணாம்பு பிசுக்கேறிக் கறுத்திருந்தது,
பதினொரு அறைகளில்.
மிச்ச மூன்று பேரைப் பற்றி
இன்றைக்கும் சில நேரம் யோசிப்பேன்.

மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்கு நிரல் கிடையாது.
நான் எழுதியது:
கூரை ஓடு மாற்றல், சதுரம் நாற்பத்திரண்டு.
கழிவறை, இருபாலாருக்கும்.
சிற்றாலயத்தை விரிவுரை மண்டபமாக்கல்;
பலிபீடத்தின் படி ஏற்கெனவே ஆறங்குல உயரம்,
விரிவுரையாளருக்கு மேடை புதிதாய்த் தேவையில்லை.
அந்த ஒரு வரியில் அரசுக்கு
அறுபதினாயிரம் மிச்சம் பிடித்துக் கொடுத்தேன்.
பீடம் போய்ப் பீடம் வருகுது என்று
பதிவாளர் பகிடி விட்டார்.
கோப்பில் அது ஏறவில்லை.

சாவிகளை ஒப்படைக்க மட்டக்களப்பிலிருந்து
பஸ்ஸில் வந்தார் சிஸ்டர் அர்சலா.
வளையத்தில் முப்பத்தொரு சாவி,
நாலுக்குப் பூட்டு எது என்று அவருக்கும் தெரியாது.
அழுவார் என்று நினைத்துத்
தேத்தண்ணி போட்டு வைத்திருந்தோம்.
"வாறது பெட்டையளோ பெடியளோ?"
"ரெண்டும், சிஸ்டர்."
சிரித்தார்.
"அப்ப முதல்ல யன்னலைப் பதியுங்கோ."

அதையும் சேர்த்தேன்:
யன்னல் அடிமட்டம் இரண்டரை அடி இறக்கல்,
எண்ணிக்கை பதினான்கு.
கொழும்பில் யாரோ சிவப்புப் பேனாவால்
அந்த வரியை மட்டும் வெட்டினார்:
அத்தியாவசியமற்றது.

பணம் நவம்பரில் வந்தது.

திருகோணமலைக்கு நவம்பர் என்றால் என்னவென்று
திறைசேரிக்கு யார் சொல்வது?
வாடை இறங்கி மூன்றாம் நாள்.
ஓடு கழற்றினால் கடலே உள்ளே வரும்.
டிசம்பர் முப்பத்தொன்று தாண்டினால்
செலவழியாத சதம் எல்லாம்
வந்த வழியே திரும்பும்.
நாற்பது நாளில்
மழைக்குள்ளே எதைத்தான் வாங்கலாம்?

கதிரை.

முந்நூற்று இருபது கதிரை,
ஹபரணையில் யானைக்கு வழிவிட்டு
நள்ளிரவு தாண்டி வந்த லொறியில்.
பொலித்தீன் கழற்றாமல் மண்டபத்தில் அடுக்கினோம்.
விடியப் பார்த்தால், மழைக்கு ஒதுங்கிய மான்கள்
அடுக்குகளுக்கிடையே நின்று
அந்தப் பொலித்தீனை மென்றுகொண்டிருந்தன.
கூரை பத்து இடத்தில் ஒழுகியது.

கணக்காய்வு கேட்டது:
நிதி ஒதுக்கியது கூரைக்கு, வாங்கியது கதிரை.
விளக்கம் தருக.
"மழை" என்று எழுதினேன்.
இரண்டு பக்கத்துக்குக் குறையாமல்
திருப்பி எழுதச் சொன்னார் பொறியியலாளர்.

இடைச்சுவர் இடிப்பது அடுத்த வருடத் தொகையில்.
அந்தத் தொகை வரவில்லை,
பங்குனியில் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.
மூதூர், கந்தளாய், பதுளை,
ஊர்ப்பெயர் எழுதிய பைகளோடு.
எட்டடிக்கு ஏழு அறைக்குள்
ஆறு பேருக்கு ஒரு வகுப்பு,
வாசலில் நின்றபடி படிப்பிக்கிறார் ஒருவர்,
உள்ளே அவருக்கு இடமில்லை.

போன கிழமை திரும்பவும் கூரை அளக்கப் போனேன்.
புதிய விலைக்கு மதிப்பீடு வேணுமாம்.
ஒன்பதாம் அறையில் ஒரு பிள்ளை
கதிரைமேல் ஏறி, ஒரு கையைச் சுவரில் ஊன்றி,
மறு கையில் போனோடு
யாருக்கோ சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்,
கப்பல் ஒன்று போகுது,
பெரிசு, மெதுவாய்ப் போகுது என்று.
என்னைக் கண்டதும் இறங்கப் பார்த்தாள்.
வேண்டாம் என்று கை காட்டினேன்.

ஒன்பதாம் அறை.
என் பழைய குறிப்புப் புத்தகத்தில்
அந்த மூன்றில் ஒன்று.

கதிரைக்கு ஒரு கால் ஆட்டம்.
இருப்பேட்டில் ஏற்றுவதற்காக
இலக்கத்தைக் குறித்துக்கொண்டேன்.