கடல்மட்டம்

எங்கள் ஊர் ஒரூரோ.
கடலுக்கு மேலே மூவாயிரத்து எழுநூறு மீட்டர்.
அணியில் ஒருத்தியும் கடலைப் பார்த்ததில்லை.
பாடப்புத்தகத்தில் மட்டும்
ஆண்டுக்கு ஒருமுறை
மார்ச் மாதத்தில் அதை இழப்போம்.

எல்லைச் சாவடியில்
பாலாடைக்கட்டியை எடுத்துக்கொண்டார்கள்.
ஆரஞ்சுகளையும்.
இடது விங் டெய்சி விசும்பினாள்:
"ஆட்டமே தொடங்கலை, அதுக்குள்ள..."
பயிற்சியாளர் வில்ஃபிரேடோ
பதினாறு பிள்ளைகளுக்குப் பதினாறு தாள்களில்
கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு பேருந்து இறங்கியது.
இறக்கம் என்றால் அப்படியோர் இறக்கம்.
குடித்துவிட்டு மூடிவைத்த பாட்டில்கள்
எங்கள் மடியிலேயே
தாமாக நசுங்கின.
கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று
பிழிந்து பார்ப்பதைப்போல.
நாங்கள் கைதட்டிச் சிரித்தோம்.
சொல்லத்தான் சொன்னது காற்று.
யார் கேட்டோம்?

அரீக்காவில் எங்களுக்கு மூச்சே வாங்கவில்லை.
தொண்ணூறு நிமிடமும் குதிரைகளாய் ஓடினோம்.
பந்து மட்டும்
நாங்கள் ஓடாத இடத்தில் இருந்தது.

ஊரில் டெய்சி உதைத்தால்
கம்பத்துக்குக் கம்பம் பறக்கும் பந்து
இங்கே பாதி வழியில்
எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல்
தயங்கி விழுந்தது.

நான் கோல்கீப்பர். பெயர் லிஸ்பெத் சோக்கே.
பந்தைவிட முன்னதாகப் போய்ச் சேர்ந்து
தோற்றவள் உலகில் வேறு யாரும் இருக்கிறார்களா
தெரியவில்லை.
நான் பாய்ந்து, விழுந்து,
வாயில் மண்ணோடு திரும்பிப் பார்க்கும்போதுதான்
அது வரும்,
சாவகாசமாக வளைந்து,
நான் இருந்த இடம் வழியாக.

ஒன்று. நான்கு. ஏழு.
அதற்கு மேல் எண்ணும் வேலையை
வலைக்குப் பின்னால் நின்ற பொடியன் ஒருவன்
உரக்க எடுத்துக்கொண்டான்.
பதினொன்றுக்கு ஒன்று.
அந்த ஒன்றும்
அவர்களுடைய தடுப்பாளர் தவறி உதைத்தது.
வெட்கமில்லாமல் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

பேருந்தில் ஏறிவிடலாம் என்றிருந்தோம்.
அந்தோனெல்லா வந்தாள். பதினான்காம் எண்.
பதினொன்றில் ஐந்து அவளுடையது.
"கடலுக்கு வர்றீங்களா?" என்றாள்,
பக்கத்துக் கடைக்குக் கூப்பிடுவதுபோல.

சீருடையோடு இறங்கினோம்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்;
காலையில் விட்டது போதாதென்று
மாலையிலும் விட்டோம்.
டெய்சி ஒரு கை அள்ளிக் குடித்துத் துப்பினாள்.
"உப்புதான்," என்றாள்,
புத்தகத்தை மன்னித்துவிட்டவள்போல.

"உன் பாய்ச்சல் அழகு," என்றாள் அந்தோனெல்லா,
தலைமுடியைப் பிழிந்தபடி.
"ஆனா அவசரம்.
இங்கே காற்று கனம்.
பந்து அதைத் தள்ளிட்டு வரணும்ல?"
ஓர் அலை வந்தது. நான் பாயவில்லை.
காத்திருந்தேன்.
அப்போதும் கவிழ்த்துப் போட்டது.
ஆனால் இம்முறை
அது வருவதைப் பார்த்துக்கொண்டே விழுந்தேன்.

தம்பிக்கு ஒரு பாட்டில் கடல் கொண்டுவந்தேன்.
திறந்தபோது உஸ்ஸென்று பெருமூச்சு விட்டது.
"எத்தனை கோல்?" என்றான்.
சொன்னேன்.
"கடல் எவ்வளவு பெரிசு?" என்றான்.
அதைத்தான் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமைப் பயிற்சியில்
கற்றதைக் கையாண்டேன்:
பொறுத்தேன், பொறுத்தேன்.
பந்து எப்போதோ வலைக்குள் கிடந்தது.
இங்கே காற்று மெலிசு. அது யாருக்காகவும் நிற்காது.
டெய்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
ஒரு தோல்விக்கு இரண்டு பாடம்;
இரண்டாவதற்குக் கட்டணமில்லை.

ஆகஸ்டில் அவர்கள் இங்கே வருகிறார்கள்.
மேலே ஏற ஏறத் தலை வலிக்கும்,
சிப்ஸ் பொட்டலங்கள் உப்பி வெடிக்கப் பார்க்கும்.
அவர்களும் சிரிப்பார்கள்.

அவர்களுடைய கோல்கீப்பரிடம்,
சின்னப் பெண், பல்லில் கம்பி கட்டியவள்,
ஒன்று சொல்ல வேண்டும்:
தங்கையே, நினைப்பதற்கு முன்பே பாய்.

சொல்வேன், நிச்சயமாக.
முதல் பாதி முடியட்டும்.