நாற்பத்தேழு செக்கன்

காட்சி இவ்வளவுதான்:
நீலக் கேற்றைப் பிடித்தபடி
உதுமாலெவ்வை மாமா தெருவைப் பார்க்கிறார்.
வாய் ஒருமுறை அசைகிறது, சொல் வரவில்லை.
மதிலில் இருந்த காகம் போய்விடுகிறது.

"என்ன வகைப் படமெண்டு இன்னும் முடிவெடுக்கல்ல,"
என்கிறான் இம்தாத்,
காத்தான்குடியிலிருந்து மோட்டார்சைக்கிளில்
படத்தைச் சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்தவன்.
"நீங்க போட்டுக் காட்டுங்க, பாத்து எடுப்பம்."
புடைவைக் கடையில் சொல்வது போல.

ஆரையம்பதியில் என் மேல்மாடி அறையில்
மின்விசிறியை நிறுத்தினால்தான் ஒலிப்பதிவு.
ஜன்னல் இடுக்கில் பழைய துவாய்.
வியர்வை விழுந்து விழுந்து
கீபோர்டில் மேல் 'ப' ஒட்டிக்கொள்ளும்.

செலோ வைத்தேன்.
மாமாவின் மனைவி மூன்று மாதத்துக்கு முன் இறந்துபோனா.
(நேற்றுத்தான் அவ எங்களுக்கு
வட்டிலப்பம் கொடுத்தனுப்பியிருந்தா.)
வயலினை விரலால் சுண்டி
நடுவில் கிளாரினெட்டைத் தும்மவிட்டேன்.
மாமா கோழிக்கள்ளன்.
புல்லாங்குழல், நிமிடத்துக்கு எண்பத்திநான்கு தட்டு:
அறுபத்திரண்டு வயதில்
எதிர்வீட்டில் அவருக்கு யாரோ.
"இது வேணாம்," என்றான் இம்தாத் அவசரமாக,
"மாமி பாப்பா."

என் தொழிலில் பொய்க்குக் கூச்சமில்லை.
மழை என்பது சுளகில் சரியும் அரிசி.
கொழும்பிலிருந்து தயாரிப்பாளர்
பாடும் மீன் ஒன்று கேட்டார்.
வாளித் தண்ணீருக்குள் வெறும் போத்தலை அமுக்கி
குமிழிகளை அனுப்பிவைத்தேன்.
கேட்டுவிட்டுக் கண்கலங்கினாராம்.

பயத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.
பானை மூடியை வில்லால் இழுத்துப் பார்த்தேன்.
கீச்சிட்டது, அவ்வளவுதான்.
எல்லாம் அழித்துவிட்டு
அடியில் ஒரே ஒரு சுரம்,
காதைத் தாண்டி
நெஞ்செலும்பில் போய்க் குந்தும் ஆழத்தில்,
மெல்லத் துடிக்கவிட்டேன்.
எஞ்சினை நிறுத்தாமல்
சந்தியில் நிற்கும் ஒரு வாகனம் என்று
நான் நினைக்கவில்லை.

கீழே குசினி லைற் அணைந்தது.
பிறகு விறாந்தை லைற்.
பிறகு கேஸ் அடுப்பின் திருகு, டிக் என்று.
அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

படியில் இறங்கிப் போய் லைற்றைப் போட்டேன்.
மியூசிக்கம்மா, என்றேன்.
"ஓம், தெரியும்," என்றா,
சுவரோடு சுவராக நின்றபடி.

அந்தத் தடத்தை அழித்தேன்,
குப்பைக்கூடையிலிருந்தும் அழித்தேன்.
இம்தாத்துக்குக் கொலுசுச் சத்தம் போட்டு அனுப்பினேன்.
பேய்க்கு அது காணும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மாமாவே வந்தார்.
தன்னைத் தானே நான்கு விதமாகப் பார்த்தார்.
கள்ளனுக்கு மட்டும் சிரித்தார்.
"எல்லாம் நல்லாரிக்கி மகள்.
ஆனா நான் அப்ப,
தண்ணி மோட்டரை நிப்பாட்டினனா இல்லையா
எண்டுதான் யோசிச்சிட்டு நிண்ட."

நிப்பாட்டியிருந்தீங்களா?

"எங்க! டாங்கி நிரம்பி
முத்தமெல்லாம் தண்ணி."

சோகத்துக்கு என்னிடம் ஒன்பது வழி இருக்கிறது.
சந்தேகத்துக்கு ஆறு.
மோட்டரை நிறுத்தினோமா என்பதற்கு
எந்த ராகத்திலும் இடமில்லை.
இரவு இரண்டு மணிக்கு
பியானோவில் இரண்டு சுரம், முடிக்காமல்.
அதன்பின் பதினொரு செக்கன் சும்மா விட்டேன்,
தூரத்தில் தண்ணீர் விழுகிறதோ
விழவில்லையோ என்கிற அளவுக்கு மட்டும்
தண்ணீர்.

தயாரிப்பாளர் போன் எடுத்தார்:
"அந்தப் பதினொரு செக்கனுக்கும் சேர்த்தா
பில் போட்டிருக்கிறீங்க?"
ஓம், என்றேன்.

பின்னேரம் அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.
பாதியில் எழும்பினா.
"எங்கயோ பைப் பூட்டல்ல," என்று
வீட்டின் பின்பக்கம் நடந்தா,
போகிற வழியெல்லாம்
லைற்றுகளைப் போட்டுக்கொண்டு.