மற்றவை (குறிப்பிடவும்)

படிவம் ஒன்றுக்கு எண்பத்தைந்து ரூபாய்.
இருபது நிமிடத்தில் முடித்தால்
ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தேறும்.
எர்ணாவூரில் ஒரு சந்து முனையில் ஸ்கூட்டியை நிறுத்தி
டேப் திரையில் படிந்த சாம்பலைத்
துப்பட்டா நுனியால் துடைக்கிறேன்.
ஆய்வின் தலைப்பு நீளம்:
ஒப்பந்தத் தொழிலாளர் உற்பத்தித்திறனில்
பயிற்சியாளர் வழிகாட்டலின் தாக்கம்.
கேட்பவர்களிடம் 'வேலை பத்தி ஒரு சர்வே' என்பேன்.
'ரேசன் கார்டு எடுத்தாரட்டா?' என்பார்கள்.

எஸ்தர் பிரமிளா, முப்பத்தொன்று.
மணலியில் ஒரு கிடங்கு.
பெட்டி பிரிப்பது, ஸ்டிக்கர் ஒட்டுவது, பெட்டி மூடுவது.
மணிக்கு நூற்று நாற்பது. இலக்கு நூற்று அறுபது.
பதினோராம் மாதம் நிறுத்திவிட்டு
இருபது நாள் கழித்துப்
புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள்.
'அனுபவம் எத்தனை ஆண்டு?'
'ஏழு வருசம்' என்றவள் கொஞ்சம் நிதானித்து
'இல்ல, நாலு மாசம்னு போடு' என்றாள்.
இரண்டையும் ஏற்கும் கட்டம் இல்லை.

'கோச்சிங்கில் என்ன கற்றீர்கள்?'
சனிக்கிழமை கிண்டியிலிருந்து ஒருவர் வருவாராம்
காலரில் குட்டி மைக்கோடு.
மஞ்சள் தாளில் கனவை எழுதிச்
சுவரில் ஒட்டச் சொல்வாராம்.
'நான் கக்கூஸ்னு எழுதுனேன்.
இது கனவு இல்லம்மா, பெருசா யோசின்னாரு.
சரின்னு, பெரிய கக்கூஸ்னு எழுதி ஒட்டுனேன்.'
அவள் சிரிக்கவில்லை.
பசை விட்டுப்போய் அந்தத் தாள்
மூன்றாம் நாள் பெட்டிக்குள் விழுந்து
கோயம்புத்தூருக்கோ எங்கேயோ
ஒரு மிக்ஸியோடு போய்விட்டதாம்.

கேள்வி பதினேழு. தாமதத்துக்குக் காரணம்:
ஊக்கமின்மை, உடல்நலம், குடும்பச் சூழல்,
நேர மேலாண்மைக் குறைபாடு, மற்றவை.
'அஞ்சே முக்காலுக்குக் கெளம்பறேன்.
ஹார்பர் உள்ள போறதுக்கு
ரோடு முச்சூடும் டிரெய்லருங்க நிக்கும்.
ஷேர் ஆட்டோ நடுவுல பூந்து பூந்து போவும்.
பூர முடியலன்னா எறங்கி நடப்பேன்.
அந்த வண்டிங்க கொண்டாற சாமானும்
எங்க கிடங்குக்குத்தான் வருது.
அது லேட்டா வந்தா வெயிட்டிங்.
நான் லேட்டா வந்தா அரை நாள் காசு போச்சு.'

கட்டம் பத்து எழுத்துக்கு மேல் வாங்காது.
'டிரெய்லர்' என்று அடித்தேன்.

பிறகு அவள் கேட்கத் தொடங்கினாள்.
உனக்கு பி.எஃப். புடிக்கிறாங்களா?
இல்லை.
ஒடம்பு சரியில்லன்னா?
படிவம் இல்லை, காசு இல்லை.
எத்தினி மாசத்துக்கு இந்த வேலை?
ஆய்வு முடியும்வரை.
உன்னை யாரு எண்றாங்க?
டேப்பைத் திருப்பிக் காட்டினேன்.
மூலையில் நாற்பத்தேழு நிமிடம்
சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.
'அய்ய, உனுக்குமா செவப்பு வருது?
எங்க ஸ்கேனர்லயும் இதே செவப்புதான்' என்றவள்
தன் டம்ளர் டீயில் பாதியை
மூடியில் ஊற்றித் தள்ளினாள்.
'மீதி எல்லாத்துக்கும் நாலுன்னு போட்டுனு கெளம்பு.
அஞ்சு போட்டா நம்ப மாட்டானுங்க.'

போட்டேன்.
மனநிறைவு நாலு. எதிர்காலம் மீது நம்பிக்கை நாலு.
மேலாளர் என் பேச்சைக் கேட்கிறார், நாலு.

நுங்கம்பாக்கத்தில் அறிக்கை வெளியான அன்று
எனக்கு அழைப்பில்லை. பி.டி.எஃப். மட்டும் வந்தது.
வழிகாட்டல் பலனளிக்கிறது, ஐந்துக்கு நாலு.
ஒன்பதாம் அட்டவணையில்
டிரெய்லர் என்று சொன்ன எல்லோரையும்
யாரோ ஒரு புத்திசாலி
'சினிமா ஆர்வம்' என்று தொகுத்திருந்தார்.
தாமதத்துக்கான காரணங்களில் அதுவே முதலிடம்.
பரிந்துரை: பணி நேரத்தில் கைப்பேசிக்குத் தடை.

இப்போது வேறு ஆய்வு, வேறு டேப்.
எண்ணூர் நெடுஞ்சாலையில் ஸ்கூட்டி
நகராமல் நிற்கிறது.
முன்னாலிருக்கும் டிரெய்லரின் அடியில்
கைலி கட்டிய டிரைவர்
சக்கரத்துக்குத் தலைவைத்துத் தூங்குகிறார்.
திரை நடுங்குகிறது:
முதல் படிவம் தொடங்கவில்லை. காரணம்?

நான் அந்தச் சொல்லைத்தான் அடிக்கிறேன்.
வேறு சொல் எனக்கும் வரவில்லை.