சலவை இயந்திரத்துக்குப் பின்னால்

காப்பகத்துப் பெண் ஒரு தாள் கொடுத்தாள்.
முதல் வாரம் ஒரே அறையில் வையுங்கள்.
கை நீட்ட வேண்டாம்.
நேருக்கு நேர் கண்ணைப் பார்க்க வேண்டாம்,
அவர்கள் பாஷையில் அது சண்டை.
நீங்கள் உடுத்திய பழைய சட்டை ஒன்றை
படுக்கும் இடத்தில் போட்டுவையுங்கள்.
தானாக வரும்.
வராவிட்டால் வராது.
இந்தக் கடைசி வரி மட்டும்
பேனாவால் எழுதிச் சேர்த்தது.

ரியேக்காவில் அன்று புராக் காற்று.
துறைமுகத்தில் கிரேன்களைப் பூட்டிவிட்டு
எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.
மூடிக்கிடந்த ஆலையொன்றின் கொதிகலன் குழாய்க்குள்
பிடிபட்ட இரண்டையும்
பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தேன்.
ஒரு கூடை வழியெல்லாம் கத்தியது.
இன்னொன்றில் பூனை இருக்கிறதா என்று
இரண்டு முறை தூக்கிப் பார்த்தேன்,
கனத்தது.

கத்தியது வெள்ளை.
மூன்றாம் நாளே அடுப்புமேடை ஏறி
பாத்திரத்திலிருந்த கோழிக்காலை இழுத்துக்கொண்டு ஓடியது.
மாரோ அதற்கு யூஹா என்று பெயர் வைத்தான்.
யூஹா என்றால் சூப்.
கறுப்புக்கு யாரும் பெயர் வைக்கவில்லை,
பார்த்தால்தானே.
சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு சாண் இருட்டு.
அதற்குள் போனது போனதுதான்.

நாற்பத்தோரு நாள்
துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு
நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி
யாத்ரான்காவின் தங்கை வீட்டில் துவைத்தோம்.
"ஒரு பூனைக்காகவா?" என்றாள் தங்கை
ஒவ்வொரு மூட்டைக்கும் ஒருமுறை.

இரவில் கிண்ணம் காலியாகும்.
மணல்தட்டில் யாரோ வந்துபோன குழி இருக்கும்.
என் வேலைக் காலணியில், என்னுடையதில் மட்டும்,
மூத்திரம் இருக்கும்.
"உன்னை ஆள் என்று மதிக்கிறது"
என்று யாத்ரான்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பள்ளி விட்டதும் மாரோ
குளியலறைத் தரையில் குப்புறப் படுத்து
பூகோளப் பாடத்தை வாசித்துக் காட்டுவான்.
சாவா. திராவா. தானூப்.
எந்த ஆறு எதில் விழுகிறது,
எங்கே ஆழம், எங்கே படகு போகும்.
அவன் குரல் இத்தனை நீளம் என்று
கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு வருடம் முன்னால்
ஒரு பெட்டியும் ஒரு துளைக்கருவியுமாக
நான் இந்த வீட்டுக்குக் குடிவந்தேன்.
வந்த அன்றே கை நீட்டினேன்,
வந்த அன்றே கண்ணைப் பார்த்தேன்.
எனக்கு யாரும் தாள் கொடுத்திருக்கவில்லை.
அதிலிருந்து அவனுக்கு நான்
'நீங்கள்'.
உப்பை எடுங்கள்.
உங்கள் குடை நனைந்திருக்கிறது.

மார்ச்சில் ஒரு நாள், விடிகாலை நாலு மணி.
இரவு வேலை முடிந்து வந்து
குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து
ஒரு காலணியைக் கழற்றியிருந்தேன்.
இயந்திரத்தின் ஓரத்தில்
முதலில் ஒரு மீசைமயிர்.
பிறகு கிழிந்த காது.
பிறகு, தூசி படிந்து சாம்பலாகி,
முழுப் பூனை.

பூனை கண்ணை மூடிக்கொண்டால்
பூலோகமே இருண்டுவிடும் என்று நினைக்குமாம்.
அது நினைத்ததோ என்னவோ,
என்னைப் பார்த்தபடி
மெதுவாக மூடியது.
நானும் மூடினேன்.
திறந்தபோது இரண்டுபேரும் இருந்தோம்.
காலணியை மோந்தது.
அதன் வேலைதான், அதற்கு ஞாபகம் இருந்தது.
பிறகு காலுறையில், கட்டைவிரல் ஓட்டையில்,
ஈர மூக்கு.

கதவு திறந்தது.
தூக்கக் கலக்கத்தில், பைஜாமாவைப் பிடித்துக்கொண்டு மாரோ.
அவசரமாகத்தான் வந்திருக்கிறான்.
பார்த்தான்.
அப்படியே நின்றான்.

"அசையாதே" என்றான்,
மூச்சோடு மூச்சாக.

பூனையிடம் சொல்லவில்லை.

நான் அசையவில்லை.
தொடை மரத்தது, முதுகு பிடித்தது,
கீழே முதல் பஸ் திரும்பியது.
இரண்டு காலையும் பின்னிக்கொண்டு
அவனும் நின்றான்.