விற்பனைக்கு இல்லை

செவ்வாய்ப்பேட்டையில் மூன்று கடை.
மர டென்னிஸ் மட்டை இருக்கா?
"மரமா? அடுப்புக்குப் போச்சு சார்,"
தராசைத் துடைத்தபடி ஜபருல்லா.
நான்காவதில் ஒன்று,
மழை குடித்து அப்பளமாய் வளைந்தது.
வாங்கவில்லை.

ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒண்டிக்கடை ரவுண்டானா அருகே
பழைய சாமான் விற்கும் பிலோமினாவின்
கல்லாவில் சாய்ந்திருந்தது:
சட்டம் நேர், நரம்பில் ஒன்றுதான் அறுந்திருந்தது,
கைப்பிடித் தோலில் யாருடையதோ இனிஷியல்.

"எவ்வளவு?"
"அது குரங்குக்கு."

சொல்லி வாய் மூடவில்லை,
கூரையிலிருந்து ஒரு கொய்யாக்காய் வந்தது.
ஸ்டூலைவிட்டு எழாமலே
இடப்பக்கம் திரும்பி
வந்த வழியே அனுப்பினாள்.

அப்படியொரு பேக்ஹேண்ட்
எனக்கு இருபது வருஷமாய் வரவில்லை.

பையிலிருந்த நரம்புச் சுருளை
அவளிடம் கொடுத்துவிட்டு
கடைசி பஸ்ஸுக்கு ஓடினேன்.