இடுப்புப்பட்டி கட்டிய ஏழு

பாலையூற்றில் எங்கள் முன்னறைக்கு
வியாழன் நாலரைக்கு மட்டும்தான் வகுப்பென்று பெயர்.
மற்ற நேரங்களில் அங்கே
தையல் மெஷினும், அக்காவின் குழந்தைக்குத் தொட்டிலும்.
ஆறு பிள்ளைகள், ஒரு வாங்கு, இரண்டு பிளாஸ்டிக் கதிரை,
ஃபேன் பக்கம் இருக்க அடிபிடி.
தலைக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு.

லதுர்ஷன் பத்தாம் ஆண்டு.
அவனுக்கு x என்றால் பிழை போட்ட அடையாளம்.
சமன்பாட்டில் எங்கே கண்டாலும்
'இது பிழையா ரீச்சர்?' என்பான்.

ஒருநாள் அவன் வீட்டுவேலைக் கொப்பியில்
ஏழு ஒன்று நடுவில் கோடு போட்டுக்கொண்டு நின்றது.
அவனுடைய ஏழு காற்றில் மடங்கிய குடைக்கம்பி.
இது நிமிர்ந்த ஏழு,
இடுப்புப்பட்டி கட்டிக்கொண்டு
வேலைக்குப் போகிற ஏழு.
விடை சரி. வழி ஒரு வரியும் இல்லை.
சோதனையில் வழிக்குத்தான் புள்ளி.

அவனிடம் கேட்கவில்லை.
சிவப்புப் பேனையால் எழுதினேன்:
எப்படி வந்தது?

அடுத்த கிழமை கொப்பிக்குள்
விழாத லொத்தர்ச் சீட்டொன்று. பின்பக்கத்தில்:
'மூண்டு பெட்டியும் ஐஞ்சும் இருபத்தாறு.
ஐஞ்சை முதல்ல இறக்கினா இருபத்தொண்டு.
பெட்டிக்கு ஏழு.'

எட்டிப் பார்த்தேன்.
மதில் நிழலில் பச்சை ஓட்டோ,
பின்சீற்றில் கால் நீட்டியபடி யோகநாயகம்,
முழங்காலில் மகனின் பழைய கொப்பி.
ஒன்பதாம் ஆண்டோடு நிறுத்தியவராம்.
ஏனென்று இந்த ஊரில் கேட்பதில்லை;
பிறந்த ஆண்டைச் சொன்னால்
கழித்துப் பார்த்துக்கொள்வோம்.

அன்றிலிருந்து ஜன்னலை முழுதாகத் திறந்துவைத்தேன்.
பிள்ளைகளுக்குக் காற்றுக்கென்று சொன்னேன்.
தொண்டை கட்டுமளவுக்கு
ஏன் உரத்துப் படிப்பித்தேன் என்பதற்கு
அம்மாவிடமும் பதில் சொல்லவில்லை.

சீட்டுகள் வந்தன. காரணிகள், வட்டி,
ஒருமுறை வெறும் கேள்விக்குறி.
பைதகரஸ் மட்டும் வரவில்லை:
கடற்கரையில் ஹயர் பார்த்து நிற்க
மான் ஒன்று ஓட்டோவுக்குள் தலையை விட்டுத்
தேற்றத்தை மென்றுவிட்டதாம்.
மிஞ்சிய துண்டில் செம்பக்கம் மட்டும் இருந்தது,
எச்சில் காய்ந்து.

தை மாதம் லதுர்ஷன் நின்றுவிட்டான்.
டவுனில் மைக் வைத்துப் படிப்பிக்கிற மண்டபம்,
முந்நூறு பிள்ளைகள், அச்சடித்த குறிப்பு.
தாய் போனில் வருத்தத்தோடுதான் சொன்னா.
அவவிலும் பிழையில்லை.
ஃபேன் பக்கத்து இடத்துக்கு
அன்றே அடிபிடி முடிந்துவிட்டது.

மூன்று வியாழன் கழித்து, மழை இருட்டில்,
வாசலில் ஓட்டோ. எஞ்சின் நிற்கவில்லை,
பின்னால் யாரோ ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தில்.
'ரீச்சர், ஒண்டே ஒண்டு.
சயவும் சயவும் பெருக்கினா சக எண்டு
பெடியன் பாடமாக்கிறான்.
ஏன் எண்டு கேட்டா ஏசுறான். ஏன்?'

பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று வருடம்,
பேராதனையில் மூன்று.
யாரும் என்னைக் கேட்டதில்லை.
நானும் யாரையும்.

'லீசிங் மாதம் எவ்வளவு?'
'இருபது.'
'அது சய. நாலு மாதத்தை விட்டுத் தந்தா?'
மழை கண்ணாடியைத் தட்டியது.
பின்னால் இருந்தவர் இருமினார்.
'எண்பது… எனக்கு மிச்சம்.'
'அதுதான் சக.'
சிரித்தார். 'உதை அந்த லீசிங்காரனுக்கும்
ஒருக்காப் படிப்பியுங்கோ.'

சிவப்பு விளக்கு சந்தியில் திரும்பி மறைந்தபின்
கரும்பலகைக்கு முன்னால் நின்றேன்.
கடன் குறைந்தது சரி.
அந்த எண்பது கையில் எந்த இடத்தில் வந்தது?
ஒரு படியைத் தாண்டிவிட்டேன்.
அவர் பெற்றாவில் திரும்பும்போதே
அதைப் பிடித்திருப்பார்.

வெண்கட்டி எடுத்தேன்.
வாங்கில் ஆறு பேரும் கொப்பியை மூடிவிட்டார்கள்.
வழிக்குத்தான் புள்ளி.